துரத்திப் பார்ப்பதும் காத்திருந்து காண்பதும்

(பதினோராம் வகுப்பு மாணவி ஒருவரின் கருத்து)



நம் திருத்தணிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஜன்னலைத் திறந்தால் நமக்குத் தெரிவது மலை. விடியற்காலையில் நம் காதில் விழுவது அலையோசை அன்று. ரயிலின் ஓசையும் மலைக்கோயில் மணியோசையுந்தான். அப்படியிருக்க டால்பினைப் பற்றியும் திமிங்கலத்தைப் பற்றியும் நான் எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நான் ஒரு தவற்றில் பங்குகொண்டேன். அது தவறு என்று உணர எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. அதை மனத்திற்குள்ளேயே பூட்டி வைப்பதைவிட, உங்கள் முன் சொல்லி, அதிலிருந்து பிறந்த கருத்தையும் எடுத்துரைப்பது நல்லது என்று எண்ணுகிறேன்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அப்பா எங்களைப் பூரிக்கு அழைத்துச் சென்றார். அப்பா, அம்மா, சித்தி, தம்பி, நான் ஆக ஐவர். பூரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் சாத்தபாடா என்னும் ஊர் இருக்கிறது. அது சிலிகா ஏரியின் கரை. ஏரி என்றால் நம் ஊர் ஏரி போல எண்ணிவிடாதீர்கள். மழைக்காலத்தில் அதன் பரப்பு 1,100 சதுர கிலோமீட்டரையும் தாண்டும். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி அது. 1981-ஆம் ஆண்டில், உலகச் சிறப்புடைய நீர்நிலைகளைக் காக்கும் ராம்சார் பட்டியலில் இந்தியாவிலிருந்து முதன்முதலில் சேர்க்கப்பட்ட இரண்டு இடங்களுள் சிலிகாவும் ஒன்று.

அந்த நீரில் இராவதி டால்பின்கள் வாழ்கின்றன. நம் மீனவர் டால்பினை ஓங்கில் என்பர். படங்களில் காணும் டால்பினுக்கு நீண்ட மூக்கு இருக்குமன்றோ? இதற்கு அது இல்லை. தலை உருண்டையாக, சிரித்த முகமுள்ள குழந்தையைப் போலிருக்கும். இது மீனன்று, நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது, குட்டி ஈன்று பாலூட்டுவது. ஏறத்தாழ பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். சிலிகாவில் எடுக்கப்படும் கணக்கெடுப்புகளில் இவற்றின் எண்ணிக்கை 150-ஐ ஒட்டியே நிற்கிறது. நம் பள்ளியில் மூன்று, நான்கு வகுப்புகளில் இருக்கும் மாணவியரின் எண்ணிக்கைதான் அது! அவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது பெரிய குறைவு.

முதல் நாள் காலையில் நாங்கள் ஏறிய படகில் வேறு இரண்டு குடும்பத்தாரும் இருந்தனர். மொத்தம் பதினைந்து பேர். படகின் பின்புறத்தில் டீசல் இயந்திரம். அதிலிருந்து நீண்ட இரும்புத் தண்டு ஒன்று நீருக்குள் செல்ல, அதன் நுனியில் விசிறி சுழலும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேளாத அளவுக்கு இரைச்சல். அரை மணி நேரம் சென்றதும் தொலைவில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு வளைந்து மறைந்தது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். "இதற்கு மேல் போகக் கூடாது" என்று தெலுங்கில் சொன்னார். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசும் ஊர்க்காரர்களாகிய எங்களுக்கு அது நன்றாகவே புரிந்தது.

ஆனால் யார் கேட்டார்கள்? "இவ்வளவு தூரம் வந்து இதற்குத்தானா?" என்றார் ஒருவர். "போட்டோவில் ஒன்றுமே விழவில்லை" என்றார் மற்றொருவர். என் அப்பா சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து நீட்டி, "கொஞ்சம் கிட்டே போங்கள்" என்றார். படகோட்டி ஒரு கணம் தயங்கினார். பிறகு பணத்தை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை முடுக்கினார். எங்களைக் கண்டு மற்றப் படகுகளும் வந்தன. எட்டுப் படகுகள் வட்டமாகச் சூழ்ந்தன. நடுவில் ஒரு தாயும் அதன் பக்கத்தில் ஒரு குட்டியும். ஒருமுறை மேலே வந்தன, எல்லாரும் கூச்சலிட்டோம். நானும் கைகொட்டினேன். பிறகு அவை நீரில் மூழ்கின. நாங்கள் திரும்பும் வரையில் அவற்றை மீண்டும் காணவில்லை.

அன்று இரவு சித்தி ஒரு கேள்வி கேட்டார். "மூச்சு வாங்க மேலே வந்துதானே ஆக வேண்டும்? நாம் எட்டுப் படகில் மேலே நின்றுகொண்டிருந்தால் அந்தக் குட்டி எங்கே போய் மூச்சு வாங்கும்?" அப்பா பதில் சொல்லவில்லை. எனக்கும் உறக்கம் வரவில்லை. கலங்கிய நீரில் டால்பினுக்குக் கண்ணால் பயன் குறைவு. அது ஒலி எழுப்பி, அந்த ஒலி எதிரொலித்து வருவதைக் கொண்டே வழியையும் இரையையும் அறிகிறது. எட்டு இயந்திரங்களின் இரைச்சல் அதற்கு எப்படி இருந்திருக்கும்? நம் கண்ணைக் கட்டிச் சந்தையில் விட்டது போலத்தானே? படகின் விசிறியில் அடிபட்டும், வலையில் சிக்கியும் சிலிகாவில் டால்பின்கள் இறந்ததுண்டு என்பதைப் பின்னர்தான் படித்தேன்.

மறுநாள் காலை அப்பாவே எங்களை மீண்டும் சாத்தபாடாவிற்கு அழைத்துச் சென்றார். இம்முறை ஒரு சிறு படகு. நாங்கள் ஐவர் மட்டும். படகோட்டி ஒரு முதியவர். அப்பா அவரிடம், "தாத்தா, இரண்டு மணி நேரத்துக்குக் கூலி தருகிறோம். டால்பின் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. துரத்த வேண்டாம்" என்றார். முதியவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கால்வாயின் ஓரத்தில் இயந்திரத்தை நிறுத்தி, மூங்கில் கழியை ஊன்றிப் படகை நிற்க வைத்தார்.

நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை. தம்பி அலுத்துக்கொண்டான். நீர்க்காகங்கள் பறந்தன. வலை இழுப்போர் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. அப்போது எங்களுக்குப் பின்னால் 'புஸ்' என்றொரு மூச்சு! திரும்பினோம். இரண்டு, மூன்று, நான்கு முதுகுகள். அவை எங்களை விட்டு ஓடவில்லை. தாமாகவே படகின் பக்கமாக வந்து, கடந்து, தம் போக்கில் மீன் தேடிச் சென்றன. முந்திய நாள் நான் டால்பினின் முதுகைப் பார்த்தேன். அன்று அதன் மூச்சைக் கேட்டேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்து இதுதான். டால்பினையும் திமிங்கலத்தையும் காணச் செல்வது நல்லது. ஆனால் சிறு குழுவாக, சிறு படகில், இயந்திரத்தை நிறுத்திக் காத்திருந்து காண வேண்டும். அப்படிச் செல்ல இயலாவிட்டால் செல்லாமலிருப்பதே மேல்.

இதற்கு ஒரு தோழி மறுப்புச் சொன்னாள். "அவற்றின் மீது அவ்வளவு அக்கறை இருந்தால் போகாமலே இருக்கலாமே? மனிதர் கண்ணில் படாமல் இருந்தால் நிம்மதியாக வாழுமே?" என்றாள். நல்ல கேள்விதான். ஆனால் மனிதர் கண்ணில் படாமல் இருந்த காலத்தில் அவை நிம்மதியாக வாழ்ந்தனவா? எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் திமிங்கலங்கள் ஆயிரக்கணக்கில் வேட்டையாடப்பட்டன. வாணிக வேட்டையை நிறுத்துவது என்று 1982-இல் முடிவாகி, 1986-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. உயிருடன் இருக்கும் திமிங்கலத்தைக் காணவும் மக்கள் பணம் தருவார்கள் என்று அறிந்தபோது, அதைக் கொல்வதைவிடக் காப்பதில் கரையோர மக்களுக்கும் பயன் உண்டாயிற்று.

நியூசிலாந்து நாட்டில் கைகூரா என்றொரு சிற்றூர். ரயில்வே வேலைகள் குறைக்கப்பட்டபோது அங்கிருந்த மாவோரி மக்கள் பலர் வேலை இழந்தனர். ரயிலை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த நம் ஊருக்கு அந்தத் துன்பம் விளங்கும். சில குடும்பத்தார் தம் வீடுகளை அடமானம் வைத்து 1987-இல் ஒரு சிறு படகுடன் திமிங்கலம் காட்டும் தொழிலைத் தொடங்கினர். இன்று அந்த ஊரே அதனால் வாழ்கிறது. ஆனால் அந்நாட்டில் 1992 முதல் ஒரு விதியும் உண்டு: ஒரு திமிங்கலத்தையோ டால்பினையோ சுற்றி 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் இருத்தலாகாது. தொழிலும் நடக்கிறது, உயிரும் பிழைக்கிறது.

"படகோட்டிகள் சட்டத்தை மதிப்பதில்லை" என்று குற்றம் சாட்டுவோர் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அன்று இயந்திரத்தை நிறுத்தியவர் யார்? படகோட்டி. முடுக்கச் சொன்னவர் யார்? நாங்கள். அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று பேசி, அருகில் போனால் மேலும் இவ்வளவு என்று நாம் ஆசை காட்டினால், அவர் என்ன செய்வார்? ஆகையால் தூரத்துக்குக் கூலி பேசாமல் நேரத்துக்குக் கூலி பேசுவோம். கொடுக்க மனமிருந்தால், துரத்தாமல் நின்றதற்காக ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுப்போம். சட்டம் செய்ய இயலாததை நம் பணப்பை செய்யும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. சிறு படகு என்றால் ஆளுக்குச் செலவு கூடும். பெரிய படகில் நாற்பது பேர் ஏறினால் குறையும். கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் நம் பள்ளியில் பலர் இருக்கிறோம். பணம் உள்ளவர் மட்டும் அமைதியாகக் கண்டு மகிழ, இல்லாதவர் பார்க்கவே கூடாதா? இதை நான் மழுப்ப விரும்பவில்லை. செலவு கூடத்தான் கூடும். ஆனால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் நீரில் இருக்க வேண்டுமா? எண்மர் படகில் இருக்க, மற்றவர்கள் கரையில் நின்று, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகளை எண்ணலாம். முறை வைத்து ஆளுக்கு ஒரு மணி நேரம். சுற்றுலாவை ஆண்டுதோறும் வைக்காமல் இரண்டாண்டுக்கு ஒருமுறை வைத்துப் பணம் சேர்க்கலாம். இதை நம் பள்ளி நிருவாகத்தின் முன் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

அவ்வளவு தொலைவு போக இயலாதவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. நம் தமிழகக் கடலிலும் திமிங்கலங்கள் உள. 2016 ஜனவரியில், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டிற்கும் இடைப்பட்ட கரையில் குட்டைத்துடுப்புத் திமிங்கலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கின. 1973 ஜனவரியிலும் அதே மன்னார் வளைகுடாக் கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியதாகப் பதிவு உண்டு. 2016-இல் மீனவர்கள் பலவற்றைப் படகில் கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். அவற்றுள் சில மீண்டும் கரைக்கே வந்தன. எனினும் அவர்கள் மீண்டும் மீண்டும் முயன்றார்கள். அந்த மீனவர்களுக்கு எவரும் டிக்கெட் விற்கவில்லை. போட்டோ எடுக்க அவர்கள் போகவுமில்லை.

இலங்கையின் தென்கோடியில், தேவேந்திரமுனைக்கு அப்பால், உலகிலேயே பெரிய உயிரான நீலத் திமிங்கலம் உலவும் நீர்ப்பகுதி இருக்கிறது. அதன் வழியேதான் பெருங்கப்பல்களும் செல்கின்றன. கப்பல் மோதி அவை இறப்பதைத் தவிர்க்க, 2022-இல் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்று தன் கப்பல்களின் பாதையைத் தெற்கே விலக்கிக்கொண்டது. மலை போன்ற கப்பலே விலகிப் போகும்போது, பதினைந்து பேர் ஏறிய படகு சற்று எட்டி நிற்கக் கூடாதா?

தோழியரே! காத்திருப்பது நமக்குப் புதிதா? ஆடிக் கிருத்திகை நாளில் நம் ஊரைப் பாருங்கள். காவடி சுமந்து வருவோர் 365 படிகளையும் ஏறி, பல மணி நேரம் வரிசையில் நின்று, ஒரு நிமிடம் கண்டு திரும்புகின்றனர். அந்த ஒரு நிமிடம் போதாது என்று எவரும் சண்டையிடுவதில்லை. நம் பள்ளிச் சிற்றாலயத்தில் மௌனமாக அமர்ந்திருக்கப் பழகியவர்களும் நாமே. மலையிலும் ஆலயத்திலும் நமக்குத் தெரிந்த அந்தப் பொறுமை, படகில் ஏறியவுடன் எங்கே போய்விடுகிறது? பணம் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம்தான் அதைக் கரைத்துவிடுகிறது. பணம் படகுக்குத்தான் கொடுக்கிறோம், டால்பினுக்கு அன்று. அது நமக்கு எதுவும் கடன்படவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்தேன். சுற்றிலும் படகுகள், நடுவில் கலங்கிய நீர். டால்பின் ஒன்றிலும் இல்லை. இரண்டாம் நாள் எவரும் படமே எடுக்கவில்லை. ஆனால் அந்த மூச்சு இன்றும் என் காதில் கேட்கிறது.

என் அப்பாவிடம் காட்டி, அவர் இசைவு பெற்ற பின்னரே இக்கட்டுரையைத் தந்துள்ளேன். "அந்த இருநூறு ரூபாயையும் எழுது. மற்ற அப்பாக்களும் படிக்கட்டும்" என்றார் அவர்.