ரசிகர்களுக்கு எதிராக

சென்ற மாதக் கூட்டத்தில், நான் பியானோ பழகுகிற விஷயம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. கவிஞர் நண்பர் ஒருவர் - பெயர் வேண்டாம், இந்தப் பத்திரிகையைக் கையில் எடுக்கும் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும் - சிரித்துக்கொண்டே கேட்டார்: "முப்பத்தாறு வயசிலே உமக்கு எதுக்கய்யா இந்த டொய்ங் டொய்ங்? கேட்டு ரசிச்சாப் போதாதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருவள்ளூருக்குத் திரும்புகிற வண்டியில்தான் பதில் தோன்றியது. கொஞ்சம் நீளமான பதில். எனவே இங்கே.

நண்பரின் கேலிக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. சங்கீதம் என்பது ரத்தத்தில் வருவது, ஐந்து வயதில் தொடங்காவிட்டால் தொடங்கவே கூடாது என்பது ஒன்று. ரசிப்பது மேலான காரியம், விரலை வளைத்துப் பழகுவது அதற்குக் கீழான காரியம் என்பது மற்றொன்று. முதலாவது வெறும் மூடநம்பிக்கை. இரண்டாவது நம் வட்டத்தின் நோய். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், இதில் ரொமான்டிக்காக எதுவும் இல்லை என்பதற்காக. வீடு திருவள்ளூரில். வேலை கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டைக்காரர்கள் வந்து போகிற ஒரு வங்கிக் கிளையில். பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். போக வர ஒரு நாளின் முக்கால் உயிர் போய்விடும். வாத்தியம், செகண்ட்ஹாண்டில் வாங்கிய அறுபத்தொரு கட்டை எலெக்ட்ரானிக் கீபோர்டு. உண்மையான பியானோவுக்கு எண்பத்தெட்டு. இரவு பத்து மணிக்கு மேல், காதில் ஹெட்ஃபோன் மாட்டி, இருபது நிமிஷம். பக்கத்து அறையில் கேட்பவர்களுக்கு பிளாஸ்டிக் கட்டைகளின் டக் டக் மட்டும்தான். வண்டியில் உட்கார இடம் கிடைத்தால், மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வரை, அட்டையில் கோடு போட்டு வரைந்த கட்டைகளை மடியில் வைத்து விரல் ஓட்டுவேன். ஒருநாள் எதிரே உட்கார்ந்திருந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் இதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "கை பழகணும் சார், அதுக்கு வேற வழி கிடையாது" என்றார். அவ்வளவுதான். அவர் சிரிக்கவில்லை. லேத்தை 'ரசித்து' யாரும் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்ததில்லை.

இனி ரசனை. நம் பத்திரிகைகளில் சங்கீதத்தைப் பற்றி எழுதப்படுவதை எடுத்துப் பாருங்கள். 'ஆன்மாவைத் துழாவியது', 'மௌனத்தின் விளிம்புக்கு அழைத்துச் சென்றது', 'பியானோ விசும்பியது'. இவற்றில் எதையும் சரி என்றோ தப்பு என்றோ நிரூபிக்க முடியாது. அதுதான் இவற்றின் சௌகரியம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது எத்தனை கட்டுரைகள்! பண்ணைப்புரம் வந்தது, லண்டன் வந்தது, தமிழனின் பெருமை வந்தது. எந்த வாத்தியத்திடமிருந்து எந்த வாத்தியம் கருப்பொருளை வாங்கிக்கொள்கிறது என்று ஒரு வாக்கியம் நான் படித்தவற்றில் இல்லை.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நான்கு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு நீள்கவிதையை 'ஃப்யூக் போன்ற அமைப்பு கொண்டது' என்று எழுதியிருக்கிறேன். ஃப்யூக் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. பி.ஏ. ஆங்கிலத்தில் படித்த ஏதோ ஒரு விமர்சனப் புத்தகத்திலிருந்து ஒட்டிக்கொண்ட வார்த்தை. யாரும் ஆட்சேபிக்கவில்லை. கவிஞர் சந்தோஷப்பட்டார். வாசகர் கடிதம் ஒன்று அந்த வாக்கியத்தைப் பாராட்டியது. அந்த வாக்கியத்தை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

பெயருக்கு முன்னால் விழுந்து கும்பிடுகிற பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு ஒரு ஆறுதல் உதாரணம். பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் ஜி மேஜரில் ஒரு மினுவெட் உண்டு. பியானோ தொடங்கும் எல்லோரும் அதை வாசித்திருப்பார்கள். பாக்கின் மேதைமை அதன் எளிமையிலேயே தெரிகிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1970களில்தான், அது பாக்குடையதல்ல, கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் என்ற டிரெஸ்டன் நகர ஆர்கன் வாசிப்பாளருடையது என்று தெரிந்தது. மினுவெட்டில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. ரசிகர்கள் கேட்டது ஸ்வரத்தை அல்ல, அட்டையில் இருந்த பெயரை.

விரல் என்ன கற்றுக்கொடுக்கிறது? இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் சங்கராபரணமும் ஒன்று என்று நாம் எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஸ்வர ஸ்தானங்களைப் பொறுத்தவரை சரி. கீபோர்டில் ஏழு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக அழுத்திப் பாருங்கள். சங்கராபரணம் வராது. கட்டை, ஸ்வரத்தை ஆணியடித்து நிறுத்துகிறது. ராகமோ ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியில் இருக்கிறது. இது புத்தகத்தில் கிடைக்கிற தகவல்தான். ஆனால் விரலுக்குக் கீழே அந்த ராகம் வர மறுத்தபோதுதான், அதுவரை ராகம் என்று எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்குப் புரிந்தது.

அடுத்தது, அந்த 'விசும்பும்' பியானோ. கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் கம்பியில் அடித்துவிட்டு உடனே விலகிவிடுகிறது. அதன்பின் அந்த ஒலியை வாசிப்பவனால் வளர்க்கவோ வளைக்கவோ முடியாது. அது தேய்ந்துகொண்டே போகும். எப்போது நிறுத்துவது என்பது மட்டும் அவன் கையில். அப்படியானால் பியானோ 'பாடுவது' எப்படி? ஒரு ஒலி எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அடுத்ததைத் தொட வேண்டும். காது ஏமாந்து இரண்டையும் ஒரே இழையாகக் கேட்கும். விசும்பல் அல்ல, கணக்கு. கணக்கு என்று தெரிந்த பிறகும் அது உருக்குகிறது என்பதுதான் ஆச்சரியம். இந்த ஆச்சரியம் நம் ரசிகருக்குக் கிடைக்காது. அவர் வந்ததுமே உருகிவிடுகிறார்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். பேலா பார்டோக், 1926க்கும் 1939க்கும் இடையில் நூற்றைம்பத்து மூன்று சின்னத் துண்டுகளை 'மிக்ரோகாஸ்மோஸ்' என்று ஆறு தொகுதிகளாக எழுதினார். முதல் நான்கும் தொடங்குபவர்களுக்கு, சிறுவரோ பெரியவரோ, என்று முன்னுரையில் சொல்கிறார். அந்த நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர், இரண்டு கையாலும் ஒரே மெட்டை வாசிப்பதிலிருந்து தொடங்கி எனக்காக மெனக்கெட்டிருக்கிறார். நம் கவிஞருக்கு மட்டும் நான் வேடிக்கை.

தமிழில் வேண்டுமென்றாலும் இருக்கிறது. ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் வைத்தியர். 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு சுருதி என்ற பழைய கணக்கை மறுத்து இருபத்துநான்கு என்று வாதாடியவர், சரியோ தப்போ, கம்பியை அளந்து பார்த்து வாதாடினார். இளையராஜா சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரின் அறையில் உட்கார்ந்து நொட்டேஷன் கற்றபோது, ஊர் ஊராகக் கச்சேரிகளில் ஹார்மோனியம் வாசித்து முடித்திருந்த வாலிபர். வாசிக்கத் தெரிந்தவர் மறுபடி அரிச்சுவடிக்குப் போனார். இதை நாம் 'அருள்' என்று எழுதுகிறோம். அது ஹோம்வொர்க். அருள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம்.

என் வண்டி தினமும் திருவொற்றியூரைத் தாண்டுகிறது. அங்கிருந்து மேற்கே மணலி. இன்று சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும்தான் அந்த ஊரின் அடையாளம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மணலி முதலியாரின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே வந்து தங்கியது. புனித ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியத்தை அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். பாலுஸ்வாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். முத்துஸ்வாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். சுமார் நாற்பது நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்தின் ராஜவாழ்த்து மெட்டு 'சந்ததம் பாஹி மாம்' ஆனது. கமகத்தை அவ்வளவு ஆழமாகக் கையாண்டவர், கமகமே இல்லாத அந்நியன் மெட்டின் முன்னால் மாணவனாக நிற்கக் கூசவில்லை. நாம் அதைக் குழந்தைகளுக்குப் பாடிக் காட்டுகிற பாட்டாக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

கட்டைகள் மேல் நமக்கிருக்கும் அருவருப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கியது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. அதற்கு முன்னோடியாக, 1938இல் ஹார்மோனியத்துக்கு எதிராக எழுதியவர் ஜான் ஃபோல்ட்ஸ், வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கிலேயர். நம் காதின் புனிதத்தைக் காப்பாற்றவும் ஒரு வெள்ளைக்காரர் வேண்டியிருந்தது. கமகம் வராது என்பது உண்மைதான். ஆனால் தமிழ் நாடக மேடை முழுக்க அந்தப் பெட்டியின் முதுகில்தான் நின்றது. எது வராது என்று தெரிந்து வாசிப்பது ஒன்று, தொடாமலே தீண்டாமை பேசுவது வேறு.

எதிர்த்தரப்பில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பத்து நாளில் பியானோ, திரையில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்து எந்தக் கட்டை மின்னுகிறதோ அதை அழுத்து என்கிற கூட்டம். இது டேட்டா என்ட்ரி. பகல் முழுக்க அதைச் செய்துதான் சம்பளம் வாங்குகிறேன், ராத்திரியும் வேண்டாம்.

'தானே கற்றேன்' என்கிற பெருமையையும் நான் நம்பவில்லை. நமக்கு சுயம்புகள்மேல் ஒரு பக்தி உண்டு. ஆசிரியர் இல்லாமல் கற்பது என்றால் இறந்துபோன ஆசிரியர்களிடம் கற்பது என்றுதான் அர்த்தம். அவர்களால் நம் மணிக்கட்டைப் பார்க்க முடியாது. முதல் வருஷம் மணிக்கட்டைத் தாழ்த்தி வைத்து வாசித்து ஆறு மாதம் வலியில் கிடந்தேன். கடைசியில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற பெரியவர் பார்த்துவிட்டு, என் முழங்கையை ஒரு விரலால் தூக்கி விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வசதி இருந்தால் ஆசிரியரிடம் போங்கள். நான் தனியாகக் கற்பது கொள்கையினால் அல்ல. அந்த நேரத்துக்கு அந்த ஊரில் வேறு வழி இல்லாததால்.

இப்போது பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்களில் முதலாவதில் இருக்கிறேன். கற்க விரும்புபவர்களுக்காக என்று 1723இல் அவரே எழுதி வைத்தது. வலது கை ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லும். அரை பார் கழித்து இடது கை அதையே கீழே இருந்து சொல்லும். அதற்குள் வலது கை வேறொன்றுக்குப் போயிருக்கும். முப்பத்தாறு வருஷமாக என் இடது கை, வலது கை எண்ணுவதற்காக நோட்டுக் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பியூன். அதற்கென்று சொல்ல எதுவும் இருந்ததில்லை. இப்போது அது பேச வேண்டும். அது பேசுகையில் மற்றது வாயை மூடக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க என் காதுக்குத் தெரியவில்லை என்பது, இரண்டையும் வாசிக்க முயன்ற அன்றுதான் தெரிந்தது. பத்து வருஷம் பாக்கைக் 'கேட்டிருக்கிறேன்'. மேல் குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். அந்தக் காதோடு ஒரு கவிதையை ஃப்யூக் என்றேன்.

நண்பருக்கு என் பதில் இதுதான். கேட்டு ரசித்தால் போதாது. கேட்கவே எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா என்று சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பியானோதான் வேண்டும் என்பதில்லை. தறியோ, லேத்தோ, மிருதங்கமோ, உங்கள் கை தோற்கிற ஏதாவது ஒன்றின் முன்னால் தினம் இருபது நிமிஷம் உட்காருங்கள். பிறகு உங்கள் பழைய மதிப்புரைகளை எடுத்துப் படியுங்கள். எத்தனை வாக்கியங்கள் மிஞ்சுகின்றன என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

அந்த இன்வென்ஷன் மொத்தம் இருபத்திரண்டு பார். நான் பதினான்காவதில் நிற்கிறேன், இரண்டு மாதமாக.