கிளம்பியதும் நின்றுவிடும் கார்

நாச்சியாபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அத்தா வாங்கிய 1984-ஆம் ஆண்டு பெட்ரோல் அம்பாசடர் இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் உடனே இயங்குகிறது. ஓரிரு நிமிடங்களில் இருமி இருமி நின்றுவிடுகிறது. பேட்டரி, பிளக், காயில் எல்லாவற்றையும் மாற்றியும் பயனில்லையாம். "மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இரவில் வலி கண்டால் இந்தக் காரை நம்பிக் காரைக்குடிக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, பழுது தீரும்வரை நம்ப வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் எண்ணையும், இரவிலும் வரக்கூடிய வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். பிறகு காரைக் கவனிப்போம்.

எஞ்சின் எப்படி நிற்கிறது என்பதே முதல் தடயம். விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இருமி, தடுமாறி, மெல்ல ஓய்ந்தால் பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு. உங்கள் கார் இரண்டாவது வகை. அப்படியிருக்க, மின்சாரப் பகுதிகளையே மாற்றிக்கொண்டிருந்தால் பணந்தான் வீணாகும்.

கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை நீரை அளவாக நிறுத்துவதுபோல், இதிலும் ஒரு மிதவை பெட்ரோலை அளவாக நிறுத்துகிறது. முதல் ஓரிரு நிமிடங்கள் எஞ்சின் ஓடுவது அந்தச் சேமிப்பில்தான். டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்து சேராவிட்டால் கிண்ணம் வற்றி எஞ்சின் நிற்கும்.

எனவே, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். கார் நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதன்பின் எஞ்சின் ஒழுங்காக ஓடினால், டேங்குக்குக் காற்று புகும் துளை அடைபட்டிருக்கிறது. அப்படியில்லையேல் ஃபில்டரையும், பம்பினுள் இருக்கும் டயாபிரத்தையும், ரப்பர் குழாய்களையும் மெக்கானிக் பார்க்கட்டும். பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பிடித்து, பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பாய்கிறதா என்று அவர் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியபின், நெருப்போ சிகரெட்டோ அருகில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

இன்று விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்களின் ரப்பர் பாகங்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல; ஊறி வெடிக்கக்கூடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் பழைய பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

இதே நோயுள்ள மற்ற வாசகர்களுக்கும் சில குறிப்புகள். சோக்கை உள்ளே தள்ளியதும் நின்றால், ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். அல்லது கார்புரேட்டர் கேஸ்கட் வழியே காற்றுக் கசியலாம். கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்து நின்றால், நீடில் வால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் மிகுதியாக வருகிறது. சூடேறியபின் சட்டென்று நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் கண்டன்சரையோ காயிலையோ சந்தேகியுங்கள். சித்திரை வெயிலில் ஓடி இருமி நின்றால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சற்றுப் பொறுத்தால் தீரும். எந்தச் சோதனையையும் மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். எஞ்சின் புகை உயிரைக் குடிக்கும்.

மெக்கானிக்கிடம் "கார் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடம் ஓடிற்று, சோக் எந்நிலையில் இருந்தது, எப்படி நின்றது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் உங்கள் அத்தாவின் கார் இன்னும் பல காலம் ஓட வழியுண்டு. பழுது தீர்ந்தபின் ஒரு வாரம் நாள்தோறும் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒருமுறையும் நிற்காவிட்டால், பேரப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வர அதையே எடுத்துச் செல்லலாம்.