ஆற்றில் கரன்ட், எண்ணெயில் சூடு: ரஷ்யாவின் வடக்கில் என்ன நடக்கிறது?

ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் நகரம் முர்மான்ஸ்க். டிசம்பர் தொடங்கி சுமார் 40 நாள் அங்கே சூரியனே உதிக்காது. அந்தக் குளிரில் வீட்டு ஹீட்டர் நின்றுபோனால்? யோசிச்சுப் பாருங்க.

யார் சப்ளை பண்றாங்க?

காஸ்ப்ரோம் குழுமத்தின் கட்டுப்பாட்டில் உள்ள டிஜிகே-1 என்ற மண்டல மின் நிறுவனமும் அதன் துணை நிறுவனமும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முதல் முர்மான்ஸ்க் வரை சுமார் 40 நீர்மின் நிலையங்கள் டிஜிகே-1 வசம் உள்ளன. 1926-ல் திறக்கப்பட்ட வோல்கோவ் நிலையமும் அதில் ஒன்று.

அப்போ சூடும் ஆற்றிலிருந்துதானா?

இல்லை. ஆறு கரன்ட் மட்டும்தான் தரும். பீட்டர்ஸ்பர்க்கில் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சும் வெப்பத்தில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். முர்மான்ஸ்கிலோ எரிவாயுக் குழாய் கிடையாது. அதனால் ஃபர்னஸ் ஆயிலை எரிக்கிறார்கள்.

இதில் என்ன சிக்கல்?

கரன்டைக் கம்பியில் எங்கிருந்தும் கொண்டுவரலாம். வெந்நீர் வழியிலேயே ஆறிடும். அதனால் பக்கத்தில் இருக்கும் நிலையத்தை விட்டால் மக்களுக்கு வேறு வழியில்லை. எண்ணெய் விலை ஏறினால், சுமை வீட்டு பில்லில் விழும், இல்லைன்னா அரசு மானியத்தில் விழும்.

மின்சார பாய்லருக்கு மாறலாமே? மாறலாம். ஆனால் கடுங்குளிர் நாளில் மொத்த ஊரின் லோடையும் கம்பிகள் தாங்கணும். அதற்குப் பெரும் முதலீடு வேணும்.

இனி ஒரு நிறுவனம் 'நாங்க கிரீன்' என்றால், கரன்டைப் பற்றி மட்டும் கேட்காதீங்க. சூடு எங்கிருந்து வருதுன்னும் கேளுங்க.