எதிராளி கையில் என்ன சீட்டு?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், மவுஸ் பழகுகிறேன் என்று சொல்லிக் கொண்டு சாலிட்டேர் ஆடாதவர்கள் குறைவு. சீட்டாட்டத்துக்குக் கம்ப்யூட்டரை இதைவிட நன்றாகப் பயன்படுத்தலாம் என்பது என் கட்சி. பணம் வைத்து ஆடச் சொல்கிறேன் என்று நினைத்து விடாதீர்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நமது நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. நான் சொல்வது ஆடி முடித்த ஒரு போக்கர் ஆட்டத்தை உட்கார்ந்து அலசுவதைப் பற்றி. அதற்குப் புளியங்கொட்டை வைத்து ஆடிய ஆட்டமே போதும்.

போக்கரில் பல வகைகள் உண்டு. அதிகம் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. எதிராளியின் இரண்டு சீட்டு மட்டும் நமக்குத் தெரியாது. ஆட்டமே அதில்தான் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் இங்கே ஜோசியம் பார்க்கிறார்கள். "அவனிடம் மூன்று ஒன்பது இருக்கிறது" என்று ஒரே கையைக் குறி வைத்துவிட்டு அதன்படி முடிவெடுப்பார்கள். சரியாக இருந்தால் மேதை, தவறினால் கெட்ட நேரம். நன்றாக ஆடுபவர்கள் அப்படிச் செய்வதில்லை. எதிராளி இதுவரை செய்தவற்றுக்கெல்லாம் பொருந்தி வரக்கூடிய எல்லா கைகளையும் பட்டியல் போடுகிறார்கள். இந்தப் பட்டியலுக்குத்தான் 'ரேஞ்ச்' என்று பெயர்.

பட்டியல் என்றதும் பயப்பட வேண்டாம். 52 சீட்டில் இரண்டு சீட்டுக் கைகள் மொத்தம் 1326 தான். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, 13 வரிசை 13 பத்தி கொண்ட ஒரு கட்டம் போடுங்கள். குறுக்காகச் செல்லும் 13 கட்டங்களில் ஜோடிகள். ஒவ்வொன்றிலும் 6 என்று அடியுங்கள். அதற்கு மேலே உள்ள 78 கட்டங்கள் ஒரே இனச் சீட்டுகள், அவற்றில் 4. கீழே உள்ள 78 கட்டங்கள் வேறு வேறு இனம், அவற்றில் 12. கூட்டிப் பாருங்கள், 1326 வரும். பக்கத்தில் இதே போல இன்னொரு கட்டம் போட்டு, எதிராளியிடம் இருக்கலாம் என்று நினைக்கும் இடங்களில் மட்டும் 1 அடித்து, சம்ப்ராடக்ட் ஃபங்ஷனால் இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் அவருடைய ரேஞ்ச் எத்தனை கை என்று வந்துவிடும்.

ஒரு ஆட்டத்தைப் பார்ப்போம். என் கையில் ஏஸ், ராஜா. நடுவில் ராஜா, 9, 4, பிறகு 7, கடைசியில் 2. ஒரே இனத்தில் ஐந்து சேரவோ, வரிசை அமையவோ வழியில்லை. நடுவில் 10 புளியங்கொட்டை இருக்க, எதிராளி மேலும் 5 வைக்கிறார். நானும் 5 வைத்தால் மொத்தம் 20. ஆக, நான்கில் ஒரு தடவை, அதாவது 25 சதவீதம் ஜெயித்தாலே எனக்கு நஷ்டமில்லை.

என்னை ஜெயிக்கும் கைகளை எண்ணுவோம். ஜோடி 9 வழக்கமாக 6 வகையில் வரும். ஆனால் ஒரு 9 நடுவில் கிடப்பதால் 3 தான். அதேபோல ஜோடி 7, ஜோடி 4, ஜோடி 2 தலா 3. ராஜா-9 என்றால், மீதமுள்ள இரண்டு ராஜா, மூன்று ஒன்பது, ஆக 6. மொத்தம் 18. (ஜோடி ஏஸ், ஜோடி ராஜா வைத்திருப்பவர் ஆரம்பத்திலேயே பந்தயத்தை ஏற்றியிருப்பார் என்று விட்டுவிடுகிறேன்.) என்னிடம் தோற்கும் கைகள்: ராஜா-ராணி 8, வரிசைக்குக் காத்திருந்து ஏமாந்து, இப்போது மிரட்டிப் பார்க்கும் ஜாக்கி-10 என்றால் 16. இதன்படி 42ல் 24 எனக்குச் சாதகம். கால்குலேட்டர் 57.14 சதவீதம் என்கிறது.

இந்தத் தசமப் புள்ளியோடுதான் எனக்குச் சண்டை. கணக்கு சரி, ஆனால் பட்டியல் நான் போட்டது. அந்த எதிராளி மிரட்டவே மாட்டாதவர் என்றால் ஜாக்கி-10 முழுவதையும் அடித்துவிட வேண்டும். 26ல் 8, ஏறக்குறைய 31 சதவீதம்; இப்போதும் 5 வைக்கலாம். மாறாக, மிகவும் பயந்தவர், ராஜா-ராணிக்குப் பந்தயமே கட்டமாட்டார், ஒரே இன ஜாக்கி-10 வந்தால் மட்டும் மிரட்டுவார் என்றால் 22ல் 4. அது 18 சதவீதம். சீட்டைப் போட்டுவிட வேண்டியதுதான். ஜோடி 2 வைத்திருப்பவர் கடைசிவரை தாக்குப் பிடித்திருப்பாரா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். அதை எடுத்துப் பாருங்கள். 19ல் 4, 21 சதவீதம், முடிவு மாறவில்லை. அந்தச் சந்தேகத்தில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ராஜா-ராணியில்தான் யோசிக்க வேண்டும். எந்தச் சந்தேகம் முக்கியம் என்று காட்டுவதற்குத்தான் கம்ப்யூட்டர். "கட்டு", "கட்டாதே" என்று மட்டும் பதில் சொல்லும் ப்ரோகிராம்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. (அலுவலகத்தில் ப்ரோகிராமில் பிழை தேடும்போதும் இதே பழக்கம்தான் எனக்கு. முதலில் சந்தேகப் பட்டியல், பிறகுதான் கை வைப்பது.)

செஸ்ஸில் காஸ்பரோவை டீப் ப்ளூ 1997லேயே வென்றது. போக்கருக்கு மேலும் 20 வருடம் ஆனது. மறைந்திருக்கும் சீட்டுதான் காரணம். 2017 ஜனவரியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோவம் பிரவுன், டுவோமாஸ் சாண்ட்ஹோம் எழுதிய லிப்ரேடஸ் என்ற ப்ரோகிராம், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி ஜெயித்தது. எதிரில் இருப்பவர் முகத்தை அது பார்க்கவில்லை. ஒரே கையைக் குறி வைக்கவும் இல்லை. எதிராளியிடம் இருக்கக்கூடிய ஒவ்வொரு கைக்கும் ஒரு வாய்ப்பு எண் வைத்துக்கொண்டது. அதோடு, தன்னிடம் என்னென்ன இருக்கலாம் என்று எதிராளி நினைப்பார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அந்த அளவுக்கு நம் வீட்டுக் கம்ப்யூட்டர் போகாது, போகவும் வேண்டாம். ஆட்டம் முடிந்து எதிராளி சீட்டைத் திறந்து காட்டும்போது, அது உங்கள் பட்டியலில் இருந்ததா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலைத் தொட வேண்டாம். இல்லாவிட்டால், ஜெயித்திருந்தாலும் ஃபைலைத் திறந்து அந்தக் கட்டத்தில் 1 அடித்து சேவ் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு ஷீட் வைத்துக்கொள்வது நல்லது. எல்லோரும் ஒரே மாதிரி மிரட்டுவதில்லை.