கர்ப்பிணிகளின் ரத்தசோகை: மாத்திரையோடு முடியும் பிரச்சனையல்ல

இந்தியக் கர்ப்பிணிப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளனர். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16ல் 50.4 சதவீதமாக இருந்த இந்த விகிதம், 2019-21ல் 52.2 சதவீதமாக உயர்ந்தது. ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளிகள் குறைப்போம் என்று கூறி, ‘ரத்தசோகையற்ற பாரதம்’ திட்டத்தை 2018ல் ஒன்றிய அரசு தொடங்கிய பிறகும் இதுதான் நிலை. ‘முன்மாதிரி’ எனப் போற்றப்படும் குஜராத்தில் 51.3 சதவீதம் 62.6 ஆனது. கேரளத்தில் 31.4 சதவீதம்தான், எனினும் அங்கும் முந்தைய ஆய்வைவிட உயர்ந்திருப்பதை நாம் கவனிக்கத் தவறக்கூடாது.

கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே சென்றால் அது ரத்தசோகை. 7 கிராமுக்கும் கீழே சென்றுவிட்ட பெண்ணுக்குப் பிரசவத்தின்போது ஏற்படும் சாதாரண ரத்தப்போக்கும் உயிரைப் பறிக்கக்கூடும். குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகளும் கூடுகின்றன.

இந்நோய் கர்ப்பத்தில் தொடங்குவதல்ல. 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 சதவீதத்தினர் ஏற்கெனவே ரத்தசோகையுடன் வாழ்கின்றனர். 18 வயதுக்கு முன் திருமணம், இடைவெளியற்ற பிரசவங்கள், வெறுங்காலுடன் வயலில் உழைப்போரைத் தாக்கும் கொக்கிப்புழு, வீட்டில் எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் ஆகியவை அனைத்தும் சேர்ந்தே உடலின் இரும்புச்சத்தை வற்றச் செய்கின்றன. பருப்பும் கீரையும் முட்டையும் இறைச்சியும் கூலிக்கு எட்டாத குடும்பத்தில் அறிவுரையால் ரத்தம் ஊறாது. மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை 2015ல் நிராகரித்தவர் பாஜக முதலமைச்சரே.

இரும்புச்சத்து மாத்திரை அவசியமானது. ஆனால் 180 நாட்கள் அதை உட்கொண்ட தாய்மார்கள் 26 சதவீதம் மட்டுமே. பெண்களின் அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. குமட்டலும் மலச்சிக்கலும் வரும்போது விளக்கம் சொல்லித் தொடரச் செய்ய வேண்டிய ஆஷா ஊழியரை அரசு இன்னமும் ‘தன்னார்வலர்’ என்றே அழைக்கிறது. சிலருக்கு ரத்தசோகையின் காரணம் தலசீமியா அல்லது அரிவாள் செல் நோயாக இருக்கலாம். பரிசோதனையின்றி மாத்திரை மட்டும் கொடுப்பது அவர்களுக்குத் தீர்வாகாது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6000 ரூபாய் உதவியை உரிமையாக்கியது. எத்தனையாவது குழந்தை என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. மோடி அரசின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5000 ரூபாய் என்று சுருக்கியது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும் உதவி என்றது. ஒவ்வொரு பிரசவத்திலும் ரத்தம் இழந்து ஆபத்து கூடும் தாயைத்தான் இந்த நிபந்தனை வெளியே நிறுத்துகிறது.

இதற்கிடையில், ஆறாவது குடும்பநல ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையே நீக்கப்பட்டது. விரல்நுனி ரத்தச் சோதனை துல்லியமற்றது என்ற வாதத்தில் அறிவியல் அடிப்படை உண்டு. அப்படியானால் பழைய முறையுடன் புதிய முறையையும் இணைத்து அளந்திருக்க வேண்டும். அளவீட்டைக் கைவிட்டால் ஒப்பிடவும் கேள்வி கேட்கவும் வழியில்லாமல் போகும்.

நிபந்தனையற்ற மகப்பேறு உதவி, ரேஷனில் பருப்பு, அங்கன்வாடியில் முட்டை, ஆஷா மற்றும் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணி நிரந்தரம் ஆகியவையே உடனடிக் கோரிக்கைகள். இவற்றை மாதர் அமைப்பின் பணி என்று ஒதுக்கிவிடாமல், ஒவ்வொரு கிளையும் தன் பகுதிக் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையும் உதவித்தொகையும் கிடைக்கின்றனவா என்று கணக்கெடுத்துக் களமிறங்க வேண்டும். கூலியும் உணவும் மரியாதையும் கேட்கும் போராட்டமே ரத்தசோகைக்கு எதிரான போராட்டமும் ஆகும்.