தூண்டிலைத் தடுத்தால் மீன் பிழைத்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் சித்தப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் முடிச்சூர் வீட்டுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. பீர்க்கன்காரணை ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும். ஒரு பழைய பெயின்ட் வாளி, ஒரு டப்பாவில் மண்புழு, இன்னொன்றில் பிசைந்த மைதா மாவு, கையில் தங்கூஸ் சுற்றிய தூண்டில். பக்கத்தில் அவரைப் போலவே நாலைந்து பேர். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். எல்லோருடைய கண்ணும் தக்கை மேலேயே இருக்கும்.

போன வாரம் எல்லோருடைய கண்ணும் செல்போனில் இருந்தது. 'இனி ஏரி, குளங்களில் தூண்டில் போட்டால் வழக்கு, அபராதம்' என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு.

"நீதான் பத்திரிகையில இருக்கியே... இது நெசமாடா?" என்றார் சித்தப்பா. அதில் அரசாணை எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. "சும்மா கிளப்பி விட்டிருப்பாங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால், வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

எங்கே போடலாம், எங்கே கூடாது?

நம் நாட்டின் மீன்வளச் சட்டம் 1897-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. தூண்டிலை அது குற்றமாக்கவில்லை. அதே சமயம், எந்த வலை, எவ்வளவு கண் அகலம் என்று குறிப்பிட்ட நீர்நிலைகளுக்கு விதி போடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. பல ஏரிகளில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விடுவதும் வழக்கம். அங்கே குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் தகராறுதான்.

காப்புக்காடு என்றால் கதையே வேறு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1882-ஐச் சேர்ந்தது. வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் 'சின்ன வயசுல இங்கதான் பிடிப்போம்' என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, வனவிலங்கு சரணாலயம். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் இருக்கும் எந்த உயிரையும் அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. மீனும் உயிர்தானே? இந்தக் கேள்வி காவிரியில் பெரிய சண்டையாகவே வெடித்தது.

காவிரி சொன்ன பாடம்

காவிரியில் மஹ்சீர் என்றொரு மீன் உண்டு. கெண்டை வகையறாவில் ராட்சதன். 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிடித்த மஹ்சீரின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ! இந்த மீனுக்காகவே கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோர் போன்ற இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடிக்கலாம், எடை பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். ஆனால், மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

அந்த இடங்கள் காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருவதால், 'பிடித்து விடுவதும் வேட்டைதான்' என்று கேள்வி எழுந்தது. 2010-களின் தொடக்கத்தில் முகாம்களில் தூண்டில் நின்றது. தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். 'நாங்கள் கரையில் இருந்தவரை வெடி போடுகிறவன் பயந்தான். எங்களை அனுப்பிவிட்டால் ஆற்றை யார் பார்ப்பது?' என்பது அவர்கள் வாதம்.

இதில் ஒரு சுவாரஸ்யம். கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட மீன்களின் கணக்கு நோட்டில் இருந்தது. 6,000-க்கும் அதிகமான மீன்கள். ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்த்தபோதுதான் அதிர்ச்சி. மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால், காவிரிக்கே சொந்தமான திமில் மஹ்சீர் குறைந்துகொண்டே வர, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியிருந்தது. திமில் மஹ்சீரின் அறிவியல் பெயரே 2018-ல்தான் உறுதியானது. அதே வருடம், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் அது சேர்ந்தது.

இதை இரண்டு பக்கமும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அந்த மீன் மறைந்துகொண்டிருந்தது தெரிந்ததே தூண்டில்காரர்களின் நோட்டால்தான். அதே ஆற்றில், 'மீன் நிறைய கிடைக்கிறதே' என்று அவர்களையே ஏமாற்றியதும் வெளியிலிருந்து வந்த மீன்தான்.

நம்ம ஏரியில் என்ன பிரச்னை?

தாம்பரம் பக்கம் மஹ்சீர் இல்லை. ஜிலேபி, கெண்டை, கெளுத்தி, விரால்தான். பிடித்ததைத் திருப்பி விடும் பழக்கமும் கிடையாது. "திருப்பி விடறதுக்கு எதுக்கு வெயில்ல உக்காந்து பிடிக்கணும்?" என்பார் சித்தி. இங்கே மீன் என்றால் குழம்பு.

நம் தூண்டிலில் அதிகம் மாட்டும் ஜிலேபியே ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட, 1952-ல் இங்கே வந்த விருந்தாளி. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000-ல் தடை போட்டும் அது நீர்நிலைகளில் இருக்கிறது. மீன் தொட்டிக்காக வாங்கி, பெரிதானதும் ஏரியில் கொட்டப்படும் 'டேங்க் கிளீனர்' மீனும் சேர்ந்துகொண்டது. செம்பாக்கம் போன்ற ஏரிகளில் கழிவுநீர் கலப்பது பல வருடத்துப் புகார். ஏரி மீனைக் குழம்பு வைப்பதற்கு முன்னால் அந்த ஏரியில் என்ன கலக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இத்தனைக்கும் நடுவில், ஏரியைக் காப்பாற்ற நாம் முதலில் வைப்பது 'மீன் பிடிக்கத் தடை' போர்டுதான். தூண்டில்காரர் கண்ணுக்குத் தெரிகிறார். கழிவுநீர்க் குழாய் புதருக்குள் இருக்கிறது.

அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கரணை மாதிரி இடங்களில் தடை அவசியம். மற்ற ஏரிகளில் எந்த மாதம் பிடிக்கக் கூடாது, எவ்வளவு சின்ன மீனை விட்டுவிட வேண்டும், எந்த மீனை ஏரியில் கொட்டக் கூடாது என்று தெளிவான விதி வந்தால் நல்லதுதான். அதை எழுதும்போது கரையில் உட்கார்ந்திருப்பவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தண்ணீர் நிறம் மாறினாலும், மீன் மேலே வந்து வாயைத் திறந்தாலும் முதலில் பார்க்கிறவர் அவர்தான்.

தூண்டில்காரர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. அறுந்த தங்கூஸைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்தால் அது கொக்கு, நாரையின் காலைச் சுற்றும். அதைச் சுருட்டி எடுத்து வர அரை நிமிடம் போதும்.

இந்த ஞாயிறு மறுபடி போனேன். விசாரித்ததையெல்லாம் சொன்னேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கரையோரம் கோரைப்புல் பக்கம் கை காட்டினார். தண்ணீர் மேல் செம்மண் நிறத்தில் ஒரு திட்டு அசைந்துகொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில். அடியில் தாய் தகப்பன் காவல் இருக்குமாம்.

"இப்ப தவளையைக் கோத்துப் போட்டா பெரிய விரால் உடனே அடிக்கும். ஆனா அதைத் தூக்கிட்டா மொத்தக் குஞ்சும் போச்சு. எங்கப்பா காலத்துலேருந்து பார்ப்போட இருக்கற விரால்ல கை வைக்க மாட்டோம். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லலடா" என்றார்.

அன்றைக்கு வாளியில் நாலு ஜிலேபி. சித்தி குழம்புக்குப் புளி கரைத்து வைத்திருந்தார்.