இடக்கையை நான் கவனிக்கவில்லை



சென்ற மாதம் அத்திபெலேயில் என் நண்பர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினோம். பல ஆண்டுகள் பத்திரிகை ஓவியராகப் பணியாற்றியவர். ஓய்வு பெற்றபின் வண்ண ஓவியங்கள் தீட்டியவர். செய்தித்தாளில் தாம் வரைந்த எந்தப் படத்தின் கீழும் அவர் தம் பெயரை எழுதியதில்லை. ஆகையால் நானும் இங்கே எழுதவில்லை. அண்ணன் என்றே அவரை அழைத்து வந்தேன், அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

அண்ணன் கும்பகோணத்தில் ஓவியம் பயின்று, எழுபதுகளில் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தவர். இன்று கணினியில் நொடியில் முடிகிற வேலைகள் அக்காலத்தில் ஓவியரின் மேசைக்கே வரும். கதைத் தலைப்பைத் தூரிகையால் எழுத வேண்டும். தலைவர்களின் முகங்களையும் ஊர் வரைபடங்களையும் கறுப்பு மையில் கோடுகளாக வரைய வேண்டும். மங்கலான புகைப்படத்தில் வெள்ளை மை தொட்டு விளிம்புகளைத் திருத்த வேண்டும். அச்சில் வரும் அளவைவிடப் படத்தைப் பெரிதாகவே வரைவார்கள். அதைச் சுருக்கித் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுக்கும்போது கோட்டின் சிறு நடுக்கங்கள் மறைந்துவிடும். “சுருக்கினால் பிசகு தெரியாது தம்பி. ஆண்டவரும் என் பிசகுகளை அப்படியே பார்த்தால் பிழைத்தேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வுக்குப் பின், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் சிறு வீடு கட்டிக் குடியேறினார். கன்னடமும் தமிழும் கலந்து ஒலிக்கும் ஊர் அது. இரு மொழி எழுத்துகளும் அவர் கைக்கு ஒன்றுபோலவே வந்தன. ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் சபையின் வாக்குத்தத்த வசனத்தை வெள்ளைத் துணியில் எழுதித் தருவார். எங்கும் பிளெக்ஸ் பலகைகள் வந்துவிட்ட பிறகும் எங்கள் சபையில் அந்தத் துணியே தொங்கியது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வண்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றி நிற்பார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அவருடைய வலக்கை மரத்துப்போயிற்று. வாய் சற்றுக் கோணியது. வாயுப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு மதியம்வரை வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பெரும்பாலும் பயன் உண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், பிரியமானவர்களே, தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். ஜெபத்தை ஆம்புலன்ஸிலும் செய்யலாம்.

உயிர் தப்பியது, வலக்கை திரும்பவில்லை. நாங்கள் வாரந்தோறும் சென்று அந்தக் கையின்மேல் கைவைத்து ஜெபித்தோம். “விசுவாசியுங்கள் அண்ணே, அடுத்த வாரம் விரல் அசையும்” என்று நான் தைரியமாகச் சொல்லுவேன். அடுத்த வாரமும் அசையாது. நாளடைவில் நாங்கள் வருகிற நேரத்தில் அவர் உறங்குவதுபோல் கண்மூடிப் படுத்துக்கொள்ளலானார். தூரிகைகளை ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டார். ஒரு நாள் அண்ணி என்னை வாசலில் நிறுத்தி, “கை விழுந்தது ஒரு நோவு தம்பி. நீங்கள் வந்துபோன பிறகு, எனக்கு விசுவாசமும் இல்லையே என்று அழுகிறார். அது இரண்டாம் நோவு” என்றார்கள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த முறை தனியே சென்றேன். பிரசங்கம் ஏதும் செய்யாமல், அலமாரியிலிருந்த பழைய ஆனந்த விகடன் கட்டொன்றை எடுத்து, “இந்தப் படம் யார் வரைந்தது அண்ணே?” என்று கேட்டேன். பல மாதங்களுக்குப் பின் அவர் கண்களில் வெளிச்சம் கண்டேன். “கோபுலு” என்றார், குழறிய நாவினாலேயே ஒரு மணி நேரம் பேசினார்.

கோபுலு 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். கோபாலன் என்பது இயற்பெயர். கோபுலு என்று பெயர் சூட்டியவர் விகடனின் ஓவியர் மாலி. அவரும் கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் பயின்றவர் என்பதில் அண்ணனுக்குத் தனிப் பெருமை. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் வரைந்த படங்களும், ஒரு சொல்லும் இல்லாமல் சிரிக்கவைத்த நகைச்சுவைப் படங்களும் தமிழ் வீடுகளில் வெகுகாலம் பேசப்பட்டன. பின்னர் விளம்பரத் துறையிலும் பெயர் பெற்றார். 2015 ஏப்ரல் 29-ல், தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

“முதுமையில் அவருக்கும் பக்கவாதம் வந்தது தம்பி. வலக்கை ஓய்ந்தது. அவர் இடக்கையால்...” என்று சொல்லும்போதே அண்ணன் நிறுத்திக்கொண்டார். இருவரும் ஒரே சமயத்தில், போர்வையின்மேல் கிடந்த அவருடைய இடக்கையைப் பார்த்தோம். கோபுலு இடக்கையால் வரையப் பழகி, தொடர்ந்து வரைந்தவர். அந்த வரலாற்றை நெடுநாளாக அறிந்திருந்தவரும், அவரைச் சந்திக்க வாரந்தோறும் வந்துபோன நாங்களும், ஓய்ந்துபோன கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேதத்தை வாசிக்கிற நமக்கு இது புதிதன்று. நியாயாதிபதிகள் 3-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் எழுப்பிய ஏகூத் இடதுகைப் பழக்கமுள்ளவன். அதே புத்தகத்தின் 20-ஆம் அதிகாரத்தில் கவண் வீசுவதில் தேர்ந்த எழுநூறு இடதுகைக்காரரைக் காண்கிறோம். சுகத்திற்காக ஜெபிப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இறுதிவரை நாங்களும் ஜெபித்தோம். ஆனால் கர்த்தர் மீதியாக வைத்திருப்பதைக் காணவும் கண்கள் வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நிற்கவும் இயலாதிருந்த காலத்தில், வண்ணத் தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே பெரும் படைப்புகளை ஆக்கினார் என்பதும் அன்று அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டதே.

பரணிலிருந்து சாக்கு இறங்கியது. முதல் மாதம் நேர்கோடுகூட வரவில்லை. கோபம் வந்து தூரிகையை எறிந்த நாட்களும் உண்டு. எட்டாம் மாதம் அண்ணியின் முகத்தை வரைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் வாக்குத்தத்தத் துணியையும் அவரே எழுதினார். எழுத்துகள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தன. “தாத்தா, கோணலாக இருக்கிறதே” என்றாள் ஒரு சிறுமி. “சுருக்கினால் சரியாகிவிடும் கண்ணே” என்றார் அண்ணன்.

அதன்பின் இரண்டு துணிகள் எழுதினார். கடைசித் துணி இன்னும் எங்கள் சபையில் தொங்குகிறது.

பிரியமானவர்களே, உங்கள் தெருவிலும் நோயினால் வேலையை இழந்து படுத்திருப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த முறை அவரைச் சந்திக்கச் செல்லும்போது, நோயைப்பற்றி விசாரிக்குமுன் அவர் செய்த தொழிலைப்பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைப் பொறுமையாய் உட்கார்ந்து கேளுங்கள். நான் அதைச் செய்ய ஒரு வருஷம் தாமதித்தேன். கர்த்தர் அண்ணியையும் பிள்ளைகளையும் தேற்றுவாராக.